தோள்பட்டைக்குத் தைலம்

போன கோடை விடுமுறைக்கு அம்மா பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் சாயங்காலம், சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருந்த பேத்தியிடம், "ஏட்டி, ராத்திரிக்கு தோசை சுடட்டுமா, இடியாப்பம் அவிக்கட்டுமா?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு தோள்களும் காதுவரை ஏறி, அங்கே ஒரு நொடி நின்று, இறங்கின. அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடியும் தோள்கள் ஏறி இறங்கின. அம்மா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்த் தன் பையைத் துழாவிக் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "சட்டையக் கொஞ்சம் எறக்கு. ரெண்டு பக்கமுமா வலிக்கி? பொஸ்தகப் பை அந்தக் கனம் கனக்குல்லா, வலிக்காம என்ன செய்யும்?" மகள் தப்பித்து ஓடுவதற்குள் அவள் கழுத்தெல்லாம் தைலம்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு உறுத்தியது. நான்கு நாள் முன்னால் இதே தோள்களுக்காக அவளை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தேன். துவைக்கப் போட்ட துணியோடு ஒரு மைப்பேனாவும் போய், வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலப் புள்ளி. "யாரு பேனாவைப் பையில விட்டது?" என்று கேட்டதற்கு அவள் தோளைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்லாமல், எனக்கென்ன என்று தோளைத் தூக்குகிற அளவுக்குத் திமிரா? அவள் அழுதாள். "தெரியலன்னுதானேம்மா சொன்னேன்" என்றாள். பேனா அவள் அப்பாவுடையது என்பது இரவு எட்டு மணிக்குத் தெரியவந்தது.

ஆக, ஒரே பிள்ளை, ஒரே அசைவு. பாட்டிக்கு அது தோள்வலி. அம்மாவுக்கு அது திமிர். செய்தவளுக்கோ அது வெறும் 'தெரியாது'. இதில் எனக்கு இருந்த கூடுதல் வெட்கம் என்னவென்றால், அந்த வாரம் முழுக்க நான் மேசையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததே அந்த அசைவைச் சொல்லும் ஓர் ஆங்கில வினைச்சொல்லோடுதான். ஷ்ரக்.

ஒரு சிற்றிதழுக்காக ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பக்கக் கதையில் ஏழு இடத்தில் யாராவது ஷ்ரக் செய்கிறார்கள். ஆங்கிலப் புனைகதைக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு தீராத ஆசை உண்டு. உரையாடலுக்கு நடுவில் பாத்திரத்தின் கைக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் சிகரெட்டைப் பற்றவைப்பார்கள், இல்லையென்றால் தோளைத் தூக்குவார்கள். நம் எழுத்தாளர்கள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவது மாதிரி. ஒரே அசை. சொன்ன வேகத்தில் முடிந்துவிடும். ஆனால் உள்ளே குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: எனக்குத் தெரியாது என்பவன் ஒருவன், எனக்கென்ன வந்தது என்பவன் ஒருவன், என்னால் என்ன செய்ய முடியும் என்பவன் ஒருவன். சில நேரம் நான்காவதாக ஒருவன், சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான். இவர்களில் யார் பேசுகிறார் என்று ஆங்கிலம் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதற்காகவே அந்தச் சொல்லை வைத்திருக்கிறது என்றுகூட நினைக்கிறேன்.

குலுக்கலில் உள்ள சிக்கல்

என்னிடமிருக்கும் அகராதி 'தோளைக் குலுக்கு' என்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களில் பல காலமாக இந்தத் தோள்குலுக்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ருஷ்யர்கள் குலுக்கினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் குலுக்கினார்கள், படித்துப் படித்து நமக்கும் பழகிவிட்டது. ஆனால் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தால் விநோதமாக இருக்கிறது. உண்டியலைக் குலுக்குவோம். சீட்டுக் குலுக்கிப் போடுவோம். புளியமரத்தை ஆள் ஏறி உலுக்குவார். குலுக்கல் என்றால் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை ஆட்டுவது. ஷ்ரக்கில் ஆட்டமே இல்லை. ஒரு தரம் தூக்கி ஒரு தரம் இறக்குவதோடு சரி. 'அவள் தோளைக் குலுக்கினாள்' என்று எழுதிவிட்டுப் படித்தால் எனக்குச் சினிமாப் பாட்டுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஜெர்மன்காரர்களும் நம்மைப்போலவே கஷ்டப்பட்டிருக்கிறார்கள் போல. அவர்கள் மொழியில் தோள்மூட்டைத் 'துடிக்க' வைக்கிறார்கள். பிரெஞ்சு பரவாயில்லை, நேராகத் தோளை 'உயர்த்து' என்கிறது.

சரி, குலுக்கலை விட்டுவிட்டு நம் ஊர்ச் சைகைகளை வைத்து எழுதலாம் என்று ஆரம்பித்தேன். முதல் மூன்று இடம் எளிதாகவே வந்தது. மழை வருமா என்று கேட்டதற்குத் தோளைத் தூக்கிய பக்கத்து வீட்டுக்காரர் என் தமிழில் உதட்டைப் பிதுக்கினார். கடன் கேட்டுப் போனவனிடம் தோளைத் தூக்கிய வங்கி ஊழியர் கையை விரித்தார். இரண்டும் நன்றாகவே உட்கார்ந்தன. மூன்றாவது, நாத்தனாரின் புதுத் தொப்பியைப் பற்றிக் கேட்டதும் ஷ்ரக் செய்த ஒரு பெண். அவளுக்கு மட்டும், சபலம் அடங்காமல், 'முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்' என்று எழுதிப் பார்த்தேன்.

எழுதிய கையோடு அடித்தும் விட்டேன், அது அந்த ஊர்ப் பெண் செய்யக்கூடியதில்லை. ஆனால் அந்த அசைவை நினைத்து அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். நமக்கும் தோளில் ஒரு வினை இருக்கிறது! தோள் அசையாமல் நிற்க, முகவாய் வந்து அதில் இடித்துவிட்டுப் போகிறது. அதில் இருக்கிற அலட்சியம், பொறாமை, கொஞ்சம் அழகுகாட்டல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். 'தன் தாடையைத் தோளில் மோதிக்கொண்டாள்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால், அங்கே இருக்கிற பாட்டிமார் தைலத்தோடு வருவார்கள்.

உதறித் தள்ளுவதும் அப்படித்தான். ஷ்ரக் என்பதோடு 'ஆஃப்' என்று ஒரு சிறு ஒட்டைச் சேர்த்துவிட்டால், வந்த பழியை, சளியை, தோல்வியை, எதை வேண்டுமானாலும் தோளிலிருந்து வழுக்கி விழவைத்துவிடலாம் ஆங்கிலத்தில். பங்குச்சந்தைகூட அங்கே தோளைத் தூக்கும்; போர்ச் செய்தியைத் தூக்கிப்போட்டுவிட்டு மேலே போகும். நம் பத்திரிகைகளில் சந்தை அதைப் 'பொருட்படுத்துவதில்லை'. ஆனால் ஊர்க்கூட்டத்தில் பேச்சு முற்றி, இனி பேசிப் பயனில்லை என்றதும் ஒரு பெரியவர் எழுந்து, துண்டைப் படாரென்று ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாரே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைவிடச் சிறந்த ஷ்ரக் உலகத்தில் இல்லை. ஓசையோடு நடப்பது. தூசு யார் முகத்தில் விழுகிறதோ அவருக்குத்தான் பதில்.

துண்டு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தத் துண்டை எல்லோரும் தோளில் போட்டுக்கொள்ள முடிந்ததில்லை இந்த மண்ணில். மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தோளை நிமிர்த்துவதே குற்றம் என்று இருந்த இடத்தில், பதில் சொல்லாமல் தோளைத் தூக்கிக் காட்டுவதற்கு ஒரு வினைச்சொல் முளைத்திருக்குமா? பெரியவர்கள் கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று என் மகளை ஏசியபோது என் வாயில் வந்தது எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று தெரியவில்லை.

டார்வின் கேட்ட கேள்வி

நான்காவது ஷ்ரக்கில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் சொல்லின் பூர்வீகத்தைத் தேடப் போனேன். வேலையைத் தள்ளிப்போட மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைவிடக் கௌரவமான வழி கிடையாது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில், தோள்களின் அல்லது முழு உடம்பின் அசைவால் திகிலையோ அதிருப்தியையோ காட்டுவது என்கிறார். நடுங்குதல் என்று பொருள்படும் ஒரு டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார். அந்த வேர் சரியோ தவறோ, பழைய ஆங்கில எழுத்தில் குளிரில் வெடவெடப்பதற்கும் இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. ஆகக்கூடி, தோள் ஏறினால் உடம்புக்கு ஏதோ என்று அம்மா நினைத்தது அந்தச் சொல்லின் சிறுவயது அர்த்தத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1590களில், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக் இந்தச் சொல்லை எடுக்கிறான். வெனிஸ் நகரத்துச் சந்தையில் அந்தோணியோ அவனை எத்தனையோ முறை திட்டியிருக்கிறான், நாய் என்றிருக்கிறான், அங்கியில் துப்பியிருக்கிறான். அதையெல்லாம் பொறுமையான ஒரு ஷ்ரக்கோடு தாங்கிக்கொண்டேன் என்கிறான் ஷைலாக். பொறுத்துப்போவதுதானே எங்கள் இனத்தின் அடையாளம் என்கிறான். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அங்கே தோளைத் தூக்குகிறவன் திமிர் பிடித்தவனில்லை. அடி வாங்குகிறவன்.

சார்லஸ் டார்வின் இதற்கு ஓர் அத்தியாயத்தில் பல பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872-இல் வந்த புத்தகம் அது. அதற்காக 1867-இலேயே பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு தாளை உலகத்தின் மூலை முடுக்குக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு கேள்வி: ஒன்றைச் செய்ய முடியாது, அல்லது நடப்பதைத் தடுக்க முடியாது என்று காட்ட விரும்புகிற மனிதன் தோள்களை உயர்த்தி, முழங்கைகளை உள்வாங்கி, கைகளை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, புருவத்தைத் தூக்குகிறானா? முப்பத்தாறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள்.

கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து ஸ்காட் என்பவர் எழுதியதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு வங்காளித் தொழிலாளியை உயரமான மரம் ஒன்றில் ஏறச் சொல்கிறார். அந்த மனிதர் தோளை உயர்த்தி, தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, முடியாது என்கிறார். ஆள் சோம்பேறி என்பது துரையின் முடிவு. ஏறித்தான் ஆக வேண்டும் என்கிறார். மனிதரின் முகம் வெளுத்துவிடுகிறது. கை இரண்டும் தொங்கிவிடுகின்றன, வாயும் கண்ணும் அகல விரிகின்றன. மறுபடி ஒருமுறை மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், துரையை ஓரக்கண்ணால் பார்க்கிறார், தோளைத் தூக்கி, முழங்கையைத் திருப்பி, கையை விரித்து, தலையை விறுவிறுவென்று ஆட்டி, என்னால் முடியாது என்கிறார். டார்வினுக்கு இது நல்ல சான்று. எனக்கு அந்த மரத்தடியை விட்டு நகர முடியவில்லை. அந்த மனிதர் பேர் என்ன என்று அந்தப் பக்கத்தில் இல்லை. அவருடைய தோள்கள் மட்டும் அறிவியலில் ஏறிவிட்டன.

டார்வின் சொல்லும் விளக்கமும் அழகானது. கோபத்தில் எதிர்த்து நிற்கிறவன் நெஞ்சை விரித்து, தோளைச் சதுரமாக்கி, முஷ்டியை மடக்குவான். இது எல்லாவற்றிலும் அதற்கு நேர் எதிர். அதனால் இது எதிர்ப்பில்லை என்பதன் சைகை. தோளை உயர்த்தும் தசைகளுக்குப் 'பொறுமைத் தசைகள்' என்று ஒரு பேர் உண்டு என ஓவியர் ஒருவர் தன்னிடம் சொன்னதாகவும் எழுதுகிறார். பொறுமைத் தசை! என் மகளுக்கு அந்தப் பேனா நாளில் அசைந்தது எந்தத் தசை என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் டார்வினின் கேள்வியை மறுபடி படித்தேன். தோள், முழங்கை, கை, உள்ளங்கை, புருவம். ஐந்து இடத்தில் நடக்கிற ஒரே அசைவு. இங்கிலாந்துக்காரன் அதில் தோளைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறான். நாம் கையைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறோம்.

மிக்சி

இது சும்மா மேசையில் தோன்றிய எண்ணமாகப் போயிருக்கும், மிக்சி கெட்டிருக்காவிட்டால். அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், தேங்காய்த் துவையலுக்கு நடுவில் எங்கள் பழைய மிக்சி புகைந்து நின்றது. அம்மாவே அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்று, "என்னம்மா சொன்னான்?" என்றேன்.

"பார்ட்ஸ் இப்ப வாரதில்லையாம். கைய விரிச்சிட்டான்."

சொல்லும்போதே அவள் அவனாக மாறிக் காட்டினாள். பையை முழங்கையில் மாட்டியபடி இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி விரிந்தன. முழங்கைகள் விலாவோடு ஒட்டின. புருவம் ஏறியது, கீழுதடு பிதுங்கியது. இத்தனைக்கும் நடுவில், நான் கண்ணால் பார்த்தேன், புடவைத் தலைப்பு சரிய, அவளுடைய இரண்டு தோள்களும் காதுவரை ஏறி இறங்கின. கல்கத்தா மரத்தடியில் நடந்தது அத்தனையும், ஒன்று குறையாமல், சென்னையில் எங்கள் அடுக்களை வாசலில்.

"அம்மா, இன்னொரு தரம் செய்யி."

"எத?"

"இப்ப செஞ்சியே, அத."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தோள் அசையவில்லை. தோளையும் தூக்கினாயே என்றேன். "நானா? போட்டி கோட்டிக்காரி" என்று உள்ளே போய்விட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வருடமாக அவள் தோளைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், ஆனால் அவளுக்குத் தெரிந்தவரை அவள் கையைத்தான் விரித்துக்கொண்டிருக்கிறாள். பேர் இல்லாத பாதி அவள் கணக்கிலேயே இல்லை. என் மகளோ பள்ளியிலும் திரையிலும் அந்தச் சொல்லோடு வளர்ந்தவள். கையை மடியில் வைத்துக்கொண்டு மிச்சப் பாதியை மட்டும் செய்கிறாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் சைகை ஒன்றுதான். ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழியும் கிடைத்தது. கைப்பேசியில் ஷ்ரக்குக்கு ஓர் எமோஜி இருக்கிறதல்லவா, 2016-இல் யூனிகோடில் சேர்த்தது. அம்மாவிடம் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். "யாரோ கைய விரிச்சிட்டு நிக்கா" என்றாள் உடனே. உண்மைதான், அந்தப் பொம்மையில் கண்ணில் படுவது கைகள்தான். அதற்கு முன்னால் இணையத்தில் சுற்றிய, ஜப்பானிய எழுத்து ஒன்றைச் சிரித்த முகமாக வைத்துக் கோடுகளால் வரைந்த ஷ்ரக்கிலும் கைகள்தான் எடுப்பு. தோளைப் படம் போடுவது கஷ்டம் போலிருக்கிறது. தோளை மூடப் போடும் சின்ன மேல்சட்டைக்கும் அதே பேர்தான் என்று மகள் குறுக்கே வந்து சொன்னாள், தனக்கு ஒன்று வேண்டும் என்பதையும் சேர்த்து.

நம் பழைய தோள்கள் பேசாதவை அல்ல. 'தணந்தமை சால அறிவிப்ப போலும் மணந்தநாள் வீங்கிய தோள்' என்று வள்ளுவர் தோளையே சாட்சி சொல்ல வைக்கிறார். கூடிய நாளில் பூரித்த தோள், இப்போது மெலிந்து, அவன் பிரிந்துபோனதை ஊருக்கெல்லாம் நன்றாக அறிவிக்கிறதாம். தலைவி மறைக்கத்தான் பார்க்கிறாள், தோள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தோள் கொடுப்போம், தோளில் சுமப்போம், தோள்தட்டிச் சவால் விடுவோம். ஒன்றும் சொல்லாமல் நழுவுவதற்கு மட்டும் நம் தோளை நாம் பயன்படுத்தியதில்லை, அல்லது பயன்படுத்தினாலும் வேறு உறுப்பின் பேரில் எழுதிவிட்டோம்.

கதையில் மிச்சமிருந்தது ஏழாவது ஷ்ரக். இருபது வருடம் காணாமல் போயிருந்த தகப்பன் திரும்பி வந்திருக்கிறான். சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் எங்களை விட்டுப் போனாய் என்று மகன் கேட்கிறான். தகப்பன் ஷ்ரக் செய்கிறான். அவ்வளவுதான், கதை முடிகிறது. இங்கே உதட்டைப் பிதுக்கினார் என்றால் அவனுக்கே காரணம் தெரியவில்லை என்றாகிவிடும். கையை விரித்தார் என்றால் வேறு வழியில்லாமல் போனான் என்று நானே மன்னிப்புக் கொடுத்ததாகிவிடும். அலட்சியமாக என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவனைத் தூக்கில் போட்டதாகிவிடும். மூன்றில் எது என்று அந்த மகனுக்கே தெரியாது. தெரியாமல்தான் அவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாததை நான் வாசகருக்குச் சொல்ல முடியாது. பேனாவுக்காக மகளை ஏசியபோது நான் செய்தது அதைத்தான்.

ஒன்பது நாள் அந்த ஒரு வரியில் ஓடியது. கடைசியில், 'அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோள்கள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கின' என்று எழுதி அனுப்பினேன். குலுக்கலும் இல்லை, விளக்கமும் இல்லை. இதழாசிரியருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வரியைப் பற்றிக் கர்வமாக இருந்தது.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். நான் எழுதியது அச்சில் வந்தால் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கதையைப் பற்றி விசாரித்தேன். நல்லா இருக்கு, அந்தப் பையன்தான் பாவம் என்றாள். கடைசி வரி எப்படி என்று கேட்டேன்.

"அதான் கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள். "அந்த மனுசனுக்கு இளைப்பா?"